பொலன்னறுவையில் ஒரு பகல்

பழம்பெரும் நகரொன்றைப் பார்க்கச் செல்வோர் இருவகையினர். முன்னரே நூல்களிற் படித்து, படித்தவை யாவும் வைத்த இடத்தில் இருக்கின்றனவா எனச் சரிபார்க்கச் செல்வோர் ஒருவகை. ஒன்றும் படியாது சென்று, கண்டதைக் கண்டவாறே கொண்டு திரும்புவோர் மற்றொரு வகை. திருக்கோவிலிலிருந்து அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்ட வேனொன்றில் இவ்விரு வகையினரும் ஒருவர் பக்கத்தில் ஒருவராக அமர்ந்திருந்தனர். இருவருக்கும் வயது எண்பதை எட்டிக்கொண்டிருந்தது.

ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். முப்பத்தைந்து ஆண்டுகள் வரலாறும், அப்பாடம் சமூகக்கல்வி எனப் பெயர் மாறிய காலத்திற் சமூகக்கல்வியும், அது மீண்டும் வரலாறாகியபோது வரலாறும் கற்பித்தவர். மற்றவர் அக்கரைப்பற்றைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர். சாகாமத்துப் பக்கம் வயல் செய்பவர். ஊரார் அவரைப் போடியார் என்றே அழைப்பர். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் அவர் சென்றதில்லை. ஆசிரியர் பொலன்னறுவையைப் பற்றி ஆயிரக்கணக்கான மாணவர்க்குக் கற்பித்தும் அந்நகரைக் கண்ணாற் கண்டவரல்லர். போடியார் அதைப் பற்றி ஒரு வரிதானும் படித்தறியாதவர். ஆயின் முன்னொரு முறை அங்குச் சென்று வந்தவர்.

ஓர் ஆசிரியர் தாம் காணாத நகரைக் கற்பித்தல் குற்றமன்று. உயர்தர வகுப்பில் அவர் புளோரன்சு நகரையுங் கற்பித்தார். மெடிச்சி குடும்பத்தினரைப் பற்றியும், புரூனலெஸ்கி எழுப்பிய பேராலயக் குவிமாடத்தைப் பற்றியும் கரும்பலகையிற் படம் வரைந்து விளக்கினார். இத்தாலிக்குச் சென்றீர்களா என எவரும் அவரைக் கேட்டதில்லை. தொலைவிலுள்ளதைக் காணாதிருத்தல் இயல்பாகவும், அண்மையிலுள்ளதைக் காணாதிருத்தல் குறையாகவுந் தோன்றுவது உலக வழக்குப் போலும். திருக்கோவிலுக்கும் பொலன்னறுவைக்கும் இடையே நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரந்தான். 1983ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் மாணவரோடு செல்வதற்கு ஒழுங்கு செய்யப்பட்டிருந்த சுற்றுலா யூலைக் கலவரத்தோடு நின்றுபோயிற்று. அதன் பின்னர்ப் போர். போர் முடிவுற்ற 2009க்குப் பின்னர் வீதி திறந்திருந்தது, பேருந்துகள் ஓடின, ஆயினும் அவர் செல்லவில்லை. மனைவியின் நோய், பேரப்பிள்ளைகள், மழை, வெயில் எனக் காரணங்கள் ஆண்டுதோறும் கிடைத்துக்கொண்டிருந்தன. அவை உண்மைக் காரணங்களே. ஆயின் அவற்றின் அடியில் வேறொன்றும் இருந்தது. அது பின்னர்த் தெரியவரும்.

இப்பயணத்துக்கு உடனடிக் காரணம் ஆசிரியரின் கண். குளுக்கோமா என்னும் நோய் அவரது பார்வையை ஓரங்களிலிருந்து தின்றுகொண்டு வந்தது. இழந்த பார்வை திரும்பாது, எஞ்சியிருப்பதைத் துளிமருந்தினாற் காக்க முயலலாம், அவ்வளவே என மருத்துவர் கூறிவிட்டார். நேரே நோக்கும் இடம் தெளிவாகத் தெரியும். அதைச் சூழ்ந்தது ஒன்றும் தெரியாது. மூங்கிற் குழாயினூடாக உலகைப் பார்ப்பது போன்ற நிலை. செய்தியறிந்து வந்த போடியார் ஆறுதல் ஒன்றும் கூறவில்லை. வெற்றிலையை மடித்து வாயிலிட்டுக்கொண்டு, “மச்சான், கண் இரிக்கக்கொள்ள ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வந்திடுவம். பேரன்ட வேன் சும்மாதான் நிக்கிது” என்றார்.

‘மச்சான்’ என்னும் அவ்விளி வெறும் வாய்வழக்கன்று. தாய்வழிக் குடிமுறை தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் ஒருங்கே வேரூன்றிய பிரதேசம் அது. இருவருடைய தந்தையரும் அவ்வாறே அழைத்துக்கொண்டவர்கள். 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவ்வுறவு அறுந்தது. தம்பிலுவிலுக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடைப்பட்ட சில கிலோமீற்றர் தூரம் ஒருவரும் கடக்கத் துணியாத தூரமாயிற்று. ஆசிரியரின் இரண்டு ஏக்கர் வயலை அப்போது போடியாரே குத்தகைக்குச் செய்துவந்தார். மூன்று ஆண்டுகள் கழிந்து, வேறொருவர் கையில், கொப்பித்தாள் ஒன்றில் எழுதிய கணக்கும் பணமும் வந்து சேர்ந்தன. விளைந்த போகங்களுக்கு நேரே தொகை எழுதப்பட்டிருந்தது; வயலுக்குள் இறங்கமுடியாது போன போகங்களுக்கு நேரே ‘இல்லை’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. அந்தத் தாளை ஆசிரியர் இன்றும் வைத்திருக்கிறார்.

வேன் இருளில் அக்கரைப்பற்றையும் அட்டாளைச்சேனையையும் நிந்தவூரையும் கடந்து, விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவினூடாகக் கல்முனையை அடைந்தது. மருதமுனையிற் பள்ளிவாசலொன்றின் முன்னே நிறுத்திப் போடியாரும் பேரனும் சுபஹுத் தொழுகையை முடித்துக்கொண்டனர். ஆசிரியர் வேனிலிருந்தபடியே, அன்று காணவேண்டியவற்றைத் தம்முள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். குறிப்பு எதுவும் அவர் கையில் இல்லை, வேண்டியதுமில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே வரிசையிற் சொன்னவை அவை. கல்லடிப் பாலத்தைக் கடக்கையிற் கிழக்கு வெளுத்தது. ஓட்டமாவடிக்கு அப்பால் ஊர்கள் அருகிக் காடு தொடங்கியது. மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும்போது, புகைவண்டியும் மோட்டார் வண்டிகளும் ஒரே தளத்தில் ஓடிய பழைய இரும்புப் பாலத்தைப் போடியார் சுட்டிக்காட்டினார். “நான் வரக்கொள்ள அதாலதான் வந்தன். ரயில் வந்தா நாங்க நிக்கணும்” என்றார். இப்போது பக்கத்திலே புதிய பாலம் இருக்கிறது.

பொலன்னறுவையின் வரலாற்றை அறியாத மாணவர் இதழ் படிப்போரில் இரார். ஆகவே சுருக்கமாகச் சொன்னாற் போதும். அநுராதபுரத்தை அழித்த சோழர் பத்தாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தமது ஈழத்து ஆட்சியின் தலைமையிடமாக இதனைக் கொண்டு, ஜனநாதமங்கலம் எனப் பெயரிட்டனர். 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றி இதையே தன் தலைநகராக்கினான். 1153இலிருந்து 1186வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு காலத்தில் நகர் உச்சநிலையை அடைந்தது. பின்னர் வந்த நிசங்கமல்லன் ஒன்பதாண்டு ஆட்சியிற் கட்டியவற்றினும் கல்லிற் பொறித்த தற்புகழ்ச்சி மிகுதி. 1215இல் கலிங்க மாகனின் படையெடுப்பு, பின்னர்ச் சரிவு, காடு. 1982இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டது. இவ்வளவும் ஆசிரியர் ஒரே பாடவேளையில் முடிப்பார்.

பராக்கிரமபாகுவின் அரண்மனையில் அவர் அதிகம் நிற்கவில்லை. ஏழு மாடிகளும் ஆயிரம் அறைகளும் கொண்டதென மரபு கூறும் அவ்வரண்மனையில் இன்று எஞ்சியிருப்பவை தடித்த செங்கற் சுவர்களே. ஆசிரியர் ஒரு சுவரினருகே சென்று அதன் தடிப்பைக் கைவிரித்து அளந்து பார்த்தார். இரு கைகளையும் அகல விரித்தும் அது அடங்கவில்லை. “மூன்று மீற்றர் என்று சொல்லிக்கொடுத்தேன்” என்று மெல்லக் கூறினார். மூன்று மீற்றர் என்றால் எவ்வளவு என்பதை அவர் அப்போதுதான் அறிந்தார் என்று போடியார் பின்னர்ச் சொல்லிச் சிரித்தார். அரசவை மண்டபத்தின் அடித்தளத்தில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ள யானைகளை, குழாய்ப் பார்வையில், ஒன்றொன்றாகவே அவராற் காணமுடிந்தது. ஒன்றைப் பார்த்து முகத்தைச் சிறிது திருப்பி அடுத்ததைப் பார்த்தார். எல்லோரும் வரிசையைப் பார்த்துச் செல்ல, அவர் யானைகளைப் பார்த்தார்.

‘தலதா மளுவ’ எனப்படும் நாற்சதுர முற்றத்தில் மிதியடிகளைக் கழற்றவேண்டும். பத்து மணி வெயிலிற் கருங்கல்லும் மணலும் கொதித்தன. ஆசிரியர் மகள் வற்புறுத்தியபடி காலுறை அணிந்து வந்திருந்தார். போடியார் வெறுங்காலுடன் வரம்பில் நடப்பவர் போல நடந்தார். வட்டதாகேயின் காவற்கற்களையும் சந்திரவட்டக் கல்லையும் பார்த்தபின், ‘கல்பொத்த’ என்னும் கல்நூலின் அருகே போடியார் நின்றுவிட்டார். எட்டு மீற்றருக்கு மேல் நீளமும் இருபத்தைந்து தொன் அளவில் நிறையுமுள்ள அக்கல்லை நிசங்கமல்லன் மிகிந்தலையிலிருந்து கொண்டுவரச் செய்தான் என ஆசிரியர் விளக்கினார்.

“என்னத்துக்கு?”

“அவனுடைய புகழை எழுத.”

“அங்கேயே எழுதியிருக்கலாமே. கல்ல இழுத்தவன்ட பேர் எங்கயும் இரிக்கா?”

இல்லை என்றார் ஆசிரியர். இக்கேள்வியை எந்த வினாத்தாளிலும் அவர் கண்டதில்லை.

அவர் வந்ததன் நோக்கங்களிலொன்று இம்முற்றத்திலேயே இருந்தது. விஜயபாகு தந்ததாதுக்காக அமைத்த அட்டதாகே என்னும் கட்டடத்தின் அருகே நிற்கும் தமிழ்க் கல்வெட்டு அது. வேளைக்காரக் கல்வெட்டென்று வரலாற்றாசிரியர் கூறுவர். விஜயபாகு மறைந்தபின் பொறிக்கப்பட்டது. அவனது சேவையில் இருந்த தமிழ்ப் படைப்பிரிவினராகிய வேளைக்காரர், முகலன் என்னும் பெருந்தேரரின் வேண்டுகோளுக்கு இணங்கி, புத்தரின் தந்ததாது வைக்கப்பட்டிருந்த கோயிலைத் தம் பாதுகாவலில் ஏற்று, அதற்கு ‘மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி’ எனத் தம் பெயரையே சூட்டிய செய்தியை அது தருகிறது. தென்னிந்தியாவிலிருந்து வந்த படைவீரர். சிங்கள மன்னன் கட்டிய கட்டடம். பௌத்தரின் புனிதப் பொருள். தமிழிலே எழுதிய உறுதிமொழி. இனங்களைப் பற்றி இன்று நாம் எழுப்பிக்கொள்ளும் மதில்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டு மனிதர்க்கு விளங்கியிருக்குமா என்பது ஐயமே. இக்கல்வெட்டை ஆசிரியர் ஒவ்வொரு வகுப்பிலும் அழுத்திக் கற்பித்தார். 1983க்குப் பின்னர் இன்னும் அழுத்தினார்.

ஆயின் கல்லின் முன்னே நின்றபோது அவரால் வாசிக்க முடியவில்லை. வெயில் நேரே கல்லின் முகத்தில் விழுந்தது. தேய்ந்த எழுத்துகளின் பள்ளத்தில் நிழல் இல்லை. கல்லும் எழுத்தும் ஒரே நிறமாய் இருந்தன. தொட்டுப் பார்ப்பதற்கும் இடமில்லை. காவலாளி ஒருவர் அருகில் நின்றார். ஆசிரியர் சற்று நேரம் முகத்தை அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையாற் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

“மச்சான், நீ வாசி.”

“நானா? அஞ்சாம் வகுப்புப் படிப்ப வெச்சிக்கிட்டா?”

“தெரிகிற எழுத்தை மட்டும் சொல்லு.”

போடியார் குடையை விரித்துக் கல்லின்மேல் நிழல் விழப் பிடித்தார். அது ஆசிரியருக்குத் தோன்றாத உபாயம். பின்னர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, முகத்தைக் கல்லுக்கு அண்மையிற் கொண்டுசென்று, மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கினார். இது மானா மாதிரி இரிக்கி. இது பானா. இது என்னவோ தெரியல்ல, கொம்பு வெச்ச மாடு மாதிரி. இது தானாவா? ஆசிரியர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். பழைய கல்வெட்டுகளிற் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை என்பதையும், வடசொற்கள் கிரந்த எழுத்திற் பொறிக்கப்பட்டிருப்பதையும் விளக்கி, போடியார் திணறிய இடங்களிற் கைகொடுத்தார். இவ்வாறு கால்மணி நேரத்தில் நான்கோ ஐந்தோ சொற்கள் தேறியிருக்கலாம். கல்வெட்டியலாளர் எவரேனும் கண்டிருப்பின் நகைத்திருப்பர். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட தமிழை அக்கரைப்பற்று வேளாண்மைக்காரர் ஒருவர் எழுத்துக்கூட்டி வாசிக்க, திருக்கோவில் ஆசிரியர் ஒருவர் திருத்திக்கொண்டிருந்ததைப் பள்ளிச் சிறுவர் கூட்டமொன்று சூழநின்று பார்த்தது.

சிவாலயங்கள் இரண்டையும் பார்த்தனர். முற்றத்துக்கு அண்மையிலுள்ளது பாண்டியர் பாணியிற் பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் அமைந்தது. கொழும்பு நூதனசாலையிலுள்ள பொலன்னறுவைச் சைவ வெண்கலப் படிமங்களுட் பல 1907ஆம், 1908ஆம் ஆண்டுகளில் எச். சி. பி. பெல் என்னும் தொல்லியலாளர் நடத்திய அகழ்வுகளின்போது இதன் சூழலிற் கிடைத்தவை. வடக்கே தனித்து நிற்கும் மற்றையது சோழர் காலத்தது, வானவன்மாதேவி ஈச்சரம் எனச் சோழ அரசியொருத்தியின் பெயர் பூண்டது, முழுவதும் கல்லாலானது. அடிமுதல் சிகரம்வரை கிட்டத்தட்ட முழுமையாக நிற்கும் அக்கோயில் ஆசிரியர் எண்ணியிருந்ததைவிட மிகச் சிறியது. சோழப் பேரரசு என்று வகுப்பிற் குரலுயர்த்திச் சொன்னவருக்கு, பேரரசின் கோயில் திருக்கோவிற் சித்திரவேலாயுத சுவாமி ஆலயத்திலும் சிறிதாயிருக்குமென்று தோன்றியிருக்கவில்லை. உள்ளே யாரோ சிவலிங்கத்தின்மீது செவ்வரத்தம்பூ ஒன்றை வைத்திருந்தனர். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

நண்பகற் போதிற் கதுருவெலவுக்குத் திரும்பிச் சென்று போடியார் தொழுதார். வேனின் நிழலிலே கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தையும் பொரித்த மீனையும் மூவரும் உண்டனர். பேரன் கைத்தொலைபேசியில் எடுத்த படங்களை ஆசிரியருக்கு விரித்துப் பெரிதாக்கிக் காட்டினான். “அதை அங்கேயே பார்த்தேனடா” என்றார் அவர். ஆயினும் கல்வெட்டின் படத்தை மட்டும் நெடுநேரம் பார்த்தார்.

பிற்பகலில் லங்காதிலகவையும் ரன்கொத் வெகெரவையும் தாண்டிக் கல்விகாரைக்குச் சென்றபோது ஆசிரியர் பேச்சை நிறுத்தியிருந்தார். ஒரே கருங்கற்பாறையிற் குடையப்பட்ட அவ்வுருவங்கள் இந்நகரின் மணிமுடி என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடில்லை. அமர்ந்த நிலையில் ஒரு புத்தர். குகையினுள்ளே சிறியதொரு புத்தர். ஏழு மீற்றர் அளவு உயர்ந்து கைகளை மார்பின் குறுக்கே மடித்து நிற்கும் உருவம். அதனருகே பதினான்கு மீற்றர் நீளத்திற் பரிநிர்வாண நிலையிற் கிடக்கும் புத்தர். நிற்கும் உருவம் யாருடையது என்பதே வினா. பக்கத்தில் ஆசான் இறந்துகிடக்க, துயரத்தோடு நிற்கும் சீடன் ஆனந்தனே அது என்பது நெடுங்காலம் வழங்கிய விளக்கம். முகத்திலுள்ள மெல்லிய சோகமும் மடித்த கைகளும் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. ஆயின் பரணவிதான முதலிய ஆய்வாளர் அதனைப் புத்தர் உருவமாகவே கொண்டனர். ஒவ்வோர் உருவத்துக்கும் தனித்தனிச் செங்கற்கோயில் இருந்ததற்கான தடயங்கள் பாறையில் உண்டு. அவ்வாறாயின் இவ்விரண்டையும் ஒரே காட்சியாகக் கொள்ளுதல் பொருந்தாது. மேலும், நிற்கும் உருவம் தாமரைப் பீடத்தின்மேல் நிற்கிறது.

ஆசிரியர் உருவத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. வந்தவுடன் தலைகுனிந்து அதன் பாதங்களையே தேடினார். பீடம் அவரது குறுகிய பார்வை வட்டத்துள் வந்ததும் அசையாது நின்றார். பின்னர்ப் பாறைக்கு எதிரேயுள்ள திடலில் அமர்ந்து, போடியாருக்கு ஒரு செய்தியைச் சொன்னார். நாற்பது ஆண்டுகளாக எவர்க்கும் சொல்லாதது அது.

1984ஆம் ஆண்டுத் தவணைப் பரீட்சையில் இவ்வுருவத்தைப் பற்றி அவர் ஒரு வினா அமைத்திருந்தார். வகுப்பிலிருந்த எல்லோரும் ஆனந்தன் என எழுதினர். அவர் அவ்வாறே கற்பித்திருந்தார். ஒருவன் மட்டும் புத்தர் என்று எழுதியிருந்தான். தவறெனக் குறுக்குக் கோடிட்டுச் சுழியம் வழங்கினார். விடைத்தாளைக் கொடுத்தபோது அவன் எழுந்து, “சேர், அவரும் தாமரைக்கு மேலதான் நிக்கிறார்” என்றான். புத்தகத்திலே அப்படி இல்லை என்றார் ஆசிரியர். “சேர் போய்ப் பாத்தீங்களா?” என்று அவன் கேட்டான். வகுப்புச் சிரித்தது. அவனை முன்னே அழைத்து இரு கைகளிலும் பிரம்பால் அடித்தார். அவன் அழவில்லை, மறுமொழியும் சொல்லவில்லை, இடத்துக்குச் சென்று அமர்ந்தான்.

“சில ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு புத்தகத்தில் தாமரையைப் பற்றி வாசித்தேன். கூப்பிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். அவன் அப்போது பாடசாலையை விட்டுவிட்டான். பிறகு 1990 வந்தது.”

போடியார் யாரென்று கேட்கவில்லை. அவ்வாண்டிற் காணாமற்போன அவனது தந்தை போடியாரிடம் வயற்காரராய் இருந்தவர். வெற்றிலைப் பையைத் திறந்தவர் திரும்பவும் மூடிக்கொண்டார்.

“அவன் பாத்தவன் மச்சான்.”

“என்ன?”

“எண்பத்திமூணில, கலவரத்துக்கு முன்ன, விதைநெல்லு வாங்க இந்தப் பக்கம் வந்தன். தகப்பனும் வந்தான். பொடியன் அழுது புடிச்சி ட்ரெக்டர்ப் பெட்டியில ஏறிக்கிட்டான். நெல்லு ஏத்த நேரம் இருந்த, இதப் பாத்துட்டுப் போவம் எண்டு வந்தம். இந்தா, இந்த இடத்திலதான். மத்தவனெல்லாம் மேல பாக்கான், இவன் காலடியப் பாத்துக்கிட்டு நிண்டான். நேரமாகிட்டு வா எண்டு நான்தான் ஏசி இழுத்துக்கிட்டுப் போனன்.”

இருவரும் அதற்குமேற் பேசவில்லை. வெண்ணிற ஆடை அணிந்த சிங்களக் குடும்பமொன்று மலர்த்தட்டுகளுடன் வந்து அமைதியாக வணங்கிச் சென்றது. வெயில் சாய்ந்து, பாறையின் வரிகள் உருவங்களின் முகங்களில் அலையலையாகத் தெளிந்தன. இவ்வரிகள் சிற்பியின் திறனல்ல, பாறையின் இயற்கை. ஆயினும் அவற்றை எங்கே விழவிடுவது என்பதைச் சிற்பி அறிந்திருந்தான். ஆசிரியர் முகத்தை மெல்லமெல்ல உயர்த்தி, பாதம், ஆடையின் மடிப்பு, மடித்த கைகள், தோள், முகம் எனப் பகுதி பகுதியாக அவ்வுருவத்தைப் பார்த்து முடித்தார். முழு உருவத்தையும் ஒருசேரக் காண அவராற் கூடவில்லை.

அதற்கு வடக்கேயுள்ள தமிழ மகாசேயவுக்கும் செல்ல எண்ணியிருந்தனர். பாண்டிநாட்டுப் போரிற் பிடிபட்ட தமிழரின் உழைப்பினாற் பராக்கிரமபாகு எழுப்பத் தொடங்கி, முற்றுப்பெறாது, இன்று குன்றுபோற் கிடக்கும் தூபி அது. பேரன் கேட்டபோது ஆசிரியர் வேண்டாமென்றார். போடியார் மட்டும் தமக்கொரு விருப்பம் உண்டென்றார். குளத்தைப் பார்க்கவேண்டும்.

பராக்கிரம சமுத்திரத்தின் கட்டின்மேல் அவர்கள் நின்றபோது ஐந்து மணி இருக்கும். இங்குத்தான் போடியார் ஆசிரியரானார். தோப்பாவெவ முதலிய குளங்களை இணைத்துப் பதினான்கு கிலோமீற்றர் அளவு நீளமான கட்டினால் ஆக்கப்பட்டதென்று அவருக்கு ஆசிரியர் கூற, அவரோ கட்டின் சரிவையும், அலை அரிக்காதிருக்க அடுக்கிய கற்களையும், மதகின் அமைவையும் பார்த்துக்கொண்டு நடந்தார். நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். அம்பன் கங்கையை அங்கமெடில்லவில் மறித்து வாய்க்காலாற் கொண்டுவருகின்றனர் என்றதும், தலையை ஆட்டினார். “அப்ப இது மழையை நம்பின குளமில்ல. ஆத்தை நம்பின குளம். அதான் நிக்கிது.” சாகாமக் குளத்து நீரை எதிர்பார்த்து ஆண்டுதோறும் வானத்தையும் அதிகாரிகளையும் மாறிமாறிப் பார்ப்பவரின் பேச்சு அது. பராக்கிரமபாகுவைப் பற்றி ஆசிரியர் கற்பித்தவற்றுள் இவ்வொரு வாக்கியத்துக்கு ஈடானது எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் ஆசிரியர் உறங்கவில்லை. காத்தான்குடி வீதியின் நடுவே நட்ட பேரீச்ச மரங்கள் விளக்கொளியிற் கடந்தன. அவருக்கு விளக்குகள் மட்டும் தெரிந்தன. அக்கரைப்பற்றில் இறங்கவேண்டிய போடியார் இறங்காது, நண்பரை வீட்டிற் சேர்ப்பதற்காகத் தொடர்ந்து வந்தார். இரவு ஒன்பதைக் கடந்திருந்தது. தம்பிலுவிலுக்குள் நுழைந்ததும் ஆசிரியர் பேரனின் தோளைத் தொட்டார்.

“தம்பி, அடுத்த ஒழுங்கையிற் கொஞ்சம் நிறுத்து.”

போடியாருக்கு விளங்கிற்று. அந்த ஒழுங்கையின் உள்ளே மூன்றாவது வீடு அது. அங்கே தாய் தனியே இருந்தாள். ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று கோவிற் கடற்கரையில் அவளை ஆண்டுதோறும் காண்பதுண்டு. கணவனுக்கு மட்டும் அவள் பிதிர்க்கடன் செய்விப்பாள், மகனுக்குச் செய்விப்பதில்லை.

வேன் நின்றது. கடலின் இரைச்சல் கேட்டது. ஆசிரியருக்கு இருளில் ஒன்றும் புலனாகவில்லை.

“லைட் எரியுதா மச்சான்?”

போடியார் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்.

“எரியுது. முழிப்பாத்தான் இரிக்கா.”

ஆசிரியர் கதவைத் திறந்து கால் வைத்தார். தடுமாறினார். போடியார் மறுபக்கத்தாற் சுற்றிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒழுங்கைக்குள் நடந்தனர்.